ஒரு ‘க’ போதாதா?

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கொச்சியில் மட்டாஞ்சேரிச் சந்துகளில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? சுக்குக் கிடங்கிலிருந்து காரம் கிளம்பி மூக்கில் ஏறும். ஒரு வீட்டில் குக்கர் விசிலடிக்கும். அடுத்த வீட்டில் சீரியலில் யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருப்பாள். அதற்கடுத்த வீட்டிலிருந்து, “சொல்லுதியா மாட்டியா? சத்தமாச் சொல்லுட்டி! தொண்டையில என்ன, முள்ளா குத்துது?” என்று ஒரு குரல் வரும். போலீஸ் ஸ்டேஷன் என்று நினைத்து ஒதுங்கிப் போகாதீர்கள். திருடனைப் பிடித்துவைத்து விசாரிக்கிறவர்கள்கூட இத்தனை சத்தம் போடுவதில்லை. அதுதான் வீட்டு டீச்சர்.

பள்ளிக்கூட டீச்சர் என்பது வேறு ஜாதி. அவர்களுக்குப் படிப்பு உண்டு, சம்பளம் உண்டு, மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகிற பாக்கியம் உண்டு. வீட்டு டீச்சருக்கு இதில் ஒன்றும் கிடையாது. கோபம் மட்டும் உண்டு. அவளை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. பிள்ளை ‘அம்மா’ என்று வாய் திறந்து சொன்ன அன்றைக்கே, “சரி, அடுத்தது ஆ சொல்லு” என்று தானாகவே பதவியில் ஏறி உட்கார்ந்துகொண்டவள் அவள். உட்கார்ந்தவளை இறக்க முடியுமா? அது பிறகு வருகிறது.

வகுப்பு எப்போதும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும். “இன்னைக்கு நான் கோவப்படவே மாட்டேன், கேட்டியா?” இதைக் கேட்டதும் விவரம் தெரிந்த பூனை எழுந்து வெளியே போய்விடும். விவரம் தெரிந்த புருஷன் பூனைக்கு முன்னாலேயே போயிருப்பான். தப்பிக்க வழியில்லாமல் மாட்டுவது பிள்ளை ஒன்றுதான். புத்தகத்தைத் திறந்த மாத்திரத்தில் அதன் உடம்பில் இருக்கிற ஒவ்வோர் உறுப்பும் ஹர்த்தால் அறிவிக்கும். முதலில் தொண்டை வறளும். தண்ணீர் குடித்து வந்தால் ஒண்ணுக்கு வரும். போய் வந்தால் வயிறு வலிக்கும். வயிற்றைத் தடவிவிட்டால் முதுகில் எறும்பு கடிக்கும். எறும்பைத் தேடினால் எறும்பு இருக்காது, ஆனால் அந்தத் தேடலில் பென்சில் தொலைந்துபோகும். எல்லாம் முடிந்து கண் மேலே போனால், “எழுத்து என்ன மோட்டுலயா தொங்குது?” என்று குரல் உயரும். கோபப்பட மாட்டேன் என்று சொன்னவளின் குரல்தான்.

வீட்டு டீச்சர் சும்மா உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கிறவள் என்றா நினைத்தீர்கள்? உட்கார நேரம் ஏது? அவள் அடுப்படியில் நின்றுகொண்டே நடு அறைக்குப் பாடம் நடத்துவாள். இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சொல்லச் சொல்ல எழுதுவதைக் கேட்டெழுத்து என்பார்கள். அவள் தேங்காய் துருவிக்கொண்டே சொல்வாள், பிள்ளை உள்ளே உட்கார்ந்து எழுதும். கடைசியில் நோட்டை வாங்கிப் பார்த்தால் இப்படி இருக்கும்: ‘அம்மா. பட்டம். மரம். ஐயோ பால் பொங்குது. வண்டி. இந்தப் பூனையக் கொல்லாம விட மாட்டேன். விளக்கு.’ சிரித்துவிட்டுப் போவாளா? போக மாட்டாள். ‘பொங்குது’வில் ஒரு புள்ளியை விட்டுவிட்டது என்று அரை மார்க் வெட்டுவாள்.

இந்த இனத்தில் நன்றாக வளர்ந்த உருப்படி ஒன்றைப் பார்த்தால்தான் உங்களுக்கு முழுசாக விளங்கும். அவள் பெயர் பாக்கியலக்ஷ்மி. சங்கரன்கோயில் பக்கத்துக்காரி. தமிழில் முத்து முத்தாக எழுதுவாள். வடை கட்டிக்கொடுத்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துப் படித்துவிட்டுத்தான் எறிவாள். அப்பேர்ப்பட்டவள் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்து இறங்கிய அன்றைக்கு எழுத்தெல்லாம் அவளைக் கைவிட்டுவிட்டது. பஸ் போர்டைப் பார்த்தாள், இடியாப்பம் பிழிந்து வைத்திருந்தார்கள். கடை போர்டைப் பார்த்தாள், அங்கேயும் இடியாப்பம்தான். போர்ட் கொச்சிக்குப் போக வேண்டியவள் தேவராவில் போய் இறங்கி, திரும்பி வர வழி கேட்டுக் கேட்டு வாய் வறண்டு, வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “இந்த ஊர்க்காரங்களுக்கு எழுதத் தெரியல.”

புருஷன் ரமேஷ்பாபு இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். கார்ப்பரேஷனில் வேலை. பேசுவது தமிழ் மாதிரி இருக்கும், படித்தது மலையாளம். மலையாளப் பேப்பரை ஒரே மூச்சில் படித்து முடிப்பார். ஆனால் தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. அதனால் பாக்கியலக்ஷ்மியின் கணக்கில் அவர் கைநாட்டு. கைநாட்டிடம் போய் அட்சரம் கேட்க முடியுமா? மானம் என்ன ஆவது?

எனவே மலையாளத்தை அவள் தானே கற்றுக்கொண்டாள். எங்கே? மளிகைச் சாமானில். பாக்கெட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் அல்லவா, அப்படியானால் வெளியே எழுதியிருப்பது அதுதானே? உப்புப் பாக்கெட்டில் ‘உ’ கிடைத்தது. பால் கவரில் ‘பா’ கிடைத்தது. கடுகில் ‘க’ கிடைத்தது. இப்படி ஒவ்வோர் எழுத்தாகச் சமையலறையில் பிடித்து, ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாதி மலையாளத்தை டப்பாவில் அடைத்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரிதான்.

இடறியது ஒரே ஓர் இடத்தில். கோதுமை மாவுப் பாக்கெட்டில் இருந்த ‘க’ வேறு மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். நமக்கு ‘க’ ஒன்றே ஒன்று. ‘கண்’ணுக்கும் அதுதான், ‘கோவிந்தா’வுக்கும் அதுதான். வாய்தான் இடம் பார்த்து மாற்றிச் சொல்லிக்கொள்ளும். மலையாளத்தில் அப்படி இல்லை. கண்ணுக்கு ஒரு க, கோவிந்தாவுக்குத் தொண்டையிலிருந்து வருகிற இன்னொரு க, அது போக மூச்சு விட்டுச் சொல்கிற க இரண்டு. ஆக நாலு. கோதுமை மாவுப் பாக்கெட்டில் இருந்தது கோவிந்தா க. பாக்கியலக்ஷ்மி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முடிவு கட்டினாள்: அச்சடிக்கிறவன் அழகுக்குப் போட்டது.

ரமேஷ்பாபு ஒரு நாள் வாயைக் கொடுத்தார்.

“பாக்கியம், அது அழகுக்கு ஒண்ணும் அல்ல. அது வேற க. கண்ணுக்கு ஒண்ணு, கோவிந்தனுக்கு வேற ஒண்ணு.”

“கோவிந்தனுக்கு எந்த க போட்டுக் கூப்பிட்டாலும் அவரு வருவாரு. நீங்க சும்மா இரிங்க.”

“எடீ, ஞான் பத்தாம் கிளாஸ் வரைக்கும் படிச்சது…”

“முதல்ல தமிழ்ல உங்க பேர எழுதுங்க. பெறவு பேசலாம்.”

அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. வகுப்பு நேரத்தில் அப்பா வாய் திறக்கக் கூடாது.

மகள் பெயர் மகா. மூன்றாம் வகுப்பு. தெருவில் இறங்கிவிட்டால் மலையாளத்தில் சண்டை போட்டு ஜெயித்துவிட்டு வரும். எழுதச் சொன்னால் மட்டும் பென்சிலைக் கடிக்கும். ஒரு நாள் வகுப்பு டீச்சர் ஜிஷா, பாக்கியலக்ஷ்மியைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னாள்.

“சேச்சி, மகா நல்ல குட்டியாணு. பக்ஷே எழுத்துதான் போராது. ஆசிரியர் தினத்துக்கு எல்லாக் குட்டிகளும் ‘என்றெ குரு’ன்னு பத்து வரி சொந்தமா எழுதி சார்ட்டுல ஒட்டும். மகா தனியா எழுதிட்டா மூணாம் கிளாஸ்லயே இருக்கட்டும். இல்லெங்கில் மலையாளத்துக்கு ரெண்டாம் கிளாஸ்ல போயி இருக்கணும்.”

டீச்சர் அதோடு நிறுத்தவில்லை.

“நிங்கள் பக்கத்து வீட்டு சுமா ட்யூஷன் எடுக்குதல்லோ. அங்க விடலாமல்லோ?”

“நான் பாத்துக்கிடுதேன் டீச்சர்.”

“அல்ல சேச்சி, நிங்களுக்கு மலையாளம்…”

“நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேம்லா?”

வெளியே விறைப்பாகச் சொல்லிவிட்டாள். உள்ளே கலங்கிப் போயிருந்தாள். பிள்ளை இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும், அது ஒரு பக்கம். ‘நான் சொல்லித் தருகிறேன்’ என்று சுமா ஏற்கெனவே மகாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள், மறுநாளே ரமேஷ்பாபு பிள்ளையைக் கொண்டுபோய் அவளிடம் விட்டுவிடுவார். சாயங்காலம் ஆனால் மகாவின் செருப்பு சுமா வீட்டு வாசலில் கிடக்கும். அந்த நேரத்தில் தான் என்ன செய்வது? பஸ் போர்டு படிக்கவே பத்துப் பேரைக் கேட்க வேண்டிய ஊரில், அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். அவளையும் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவதா?

அன்றிலிருந்து மட்டாஞ்சேரி நிம்மதியாக இல்லை.

பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் பாடம். மருந்துக்கடை போர்டு, மீன்கடை போர்டு, ‘இங்கே வண்டி நிறுத்தாதே’, ‘இங்கே எச்சில் துப்பாதே’ எல்லாவற்றின் முன்னாலும் தாயும் மகளும் நின்று எழுத்துக் கூட்டினார்கள். துப்ப வந்தவன் இவர்கள் படித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டு போனான். ஒரு நாள் கிடங்கு வாசலில் லாரி ஒன்று நின்றது. அதன் முதுகில் பெரிதாக என்னவோ எழுதியிருந்தது. “வாசிட்டி!” என்றாள் பாக்கியலக்ஷ்மி. “அ… ம்ம… யுடெ…” என்று மகா கூட்டிக்கொண்டிருக்கும்போதே லாரி கிளம்பிவிட்டது. விடுவாளா? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “அ… னு…” என்று ஓட்டத்திலேயே படித்தது பிள்ளை. ஏதோ மூட்டை விழுந்துவிட்டது என்று டிரைவர் பதறி நிறுத்தி, தலையை வெளியே நீட்டினான்.

“எந்தா சேச்சி? என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்ல, செத்த நில்லுங்க. கடைசி எழுத்து மட்டும் பாக்கி.”

‘அம்மயுடெ அனுக்ரஹம்’. அம்மாவின் ஆசி. மகா மூச்சு வாங்கிக்கொண்டே முடித்தது. அதிலும் ஒரு கோவிந்தா க இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாக்கியலக்ஷ்மிக்குத் தெரியாது. லாரிக்காரன் அழகுக்கு எழுதியிருந்தான்.

ஆனாலும் பாருங்கள், பிள்ளைக்கு எழுத்து வந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் ஓடினால் யாருக்குத்தான் வராது?

ஆசிரியர் தினத்துக்கு முந்தின சாயங்காலம். பத்து வரியையும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும். என்ன எழுதப்போகிறாய் என்று கேட்டதற்கு மகா சொல்ல மறுத்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டது.

“அம்மா, குருன்னு எப்படி எழுதணும்? எந்த க?”

“எந்த கவா? க ஒண்ணுதாம்ட்டி. கு, ரு. இதுல என்ன சந்தேகம்?”

“இல்லம்மா, டீச்சர் வேற ஒரு க…”

“உங்க டீச்சரு அழகுக்குப் போடுதாவோ. நமக்கு அழகு வேண்டாம், சரியா இருந்தாப் போதும். எழுது.”

மகா சிலேட்டில் எழுதியது. கண் க போட்டு, குரு.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த ரமேஷ்பாபு எட்டிப் பார்த்தார். பார்த்ததும் வாயைத் திறந்தார். பாக்கியலக்ஷ்மி விரலை உயர்த்தினாள்.

“கிளாஸ் நேரம்!”

“அல்ல, ஒரே ஒரு காரியம்…”

“கிளாஸ் நேரம்னு சொல்லுதேன்லா?”

“பாக்கியம், அது எழுதினா ஆளுகள்…”

“ஏங்க, நான் ஒங்க ஆபீசுக்கு வந்து பேசுதனா?”

ரமேஷ்பாபு எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, மூலைக் கடைக்குச் சாயா குடிக்கப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். சாயா சூடாக இருந்தது.

மறுநாள் பெற்றோர் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் எழுதியதைத் திருத்தாமல் அப்படியே சுவரில் ஒட்டுவது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். வரிசையாகச் சார்ட்டுகள். எல்லாப் பிள்ளைகளும் ஜிஷா டீச்சரைப் பற்றி எழுதியிருந்தன, மூலையில் இரண்டு பூ வரைந்து. அந்தச் சார்ட்டுகளின் முன்னால் ஓர் ஈகூட இல்லை. கூட்டமெல்லாம் கடைசிச் சார்ட்டின் முன்னால் நின்றது. ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். இன்னொருத்தி குனிந்து, அங்கே நின்ற மகாவின் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “எவிடெயா மோளே? மஞ்ஞள் அரைச்சு இட்டா மதி” என்று, மஞ்சள் அரைத்துப் போட்டால் போதும் என்கிற வைத்தியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாக்கியலக்ஷ்மி கூட்டத்தைப் பார்த்தாள். மகாவின் சார்ட்! நெஞ்சு நிறைந்துவிட்டது. விலக்கிக்கொண்டு முன்னால் போய் தலைப்பை எழுத்துக் கூட்டினாள். எ… ன்றெ… கு… ரு. ஒரு குற்றமும் இல்லை.

பக்கத்து வீட்டு சுமாவும் அங்கே இருந்தாள். முகம் சிவந்து, வாயை முந்தானையால் மூடியிருந்தாள்.

“பாக்யம்,” என்றாள் சுமா, குரல் நடுங்க, “ஆராணு ஈ குரு?”

பாக்கியலக்ஷ்மி நிமிர்ந்தாள். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“நாந்தான்!”

அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவர்களும் அதற்குப் பிறகு அடக்கவில்லை. ரமேஷ்பாபு பின்னாலிருந்து முழங்கையைத் தொட்டார். “பாக்கியம், நமக்குப் போவாம்.”

“ஏன் போகணும்? எம்மவ என்னையப் பத்தி எழுதியிருக்கா. எல்லாரும் படிக்கட்டும்.”

ஜிஷா டீச்சர் ஓடி வந்தாள். அவளும் அப்போதுதான் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, பாக்கியலக்ஷ்மியின் காதருகில் மெதுவாகச் சொன்னாள்.

“சேச்சி, குருன்னா இந்த க அல்ல. கோவிந்தனுக்கு எழுதற க வேணும். இந்த க போட்டா அது… அது வேற குரு.”

“வேற என்ன குரு?”

ஜிஷா டீச்சர் தன் தாடையில் இருந்த சின்னப் பருவைத் தொட்டுக் காட்டினாள்.

நம் வேர்க்குருவில் ஒரு குரு இருக்கிறதே, அது. கொப்புளம். ‘என்றெ குரு’ என்று நினைத்துப் பிள்ளை பத்து வரியும் ‘என் கொப்புளம்’ என்று எழுதியிருந்தது. போதாக்குறைக்கு மலையாளத்தில் வினைச்சொல்லுக்கு ஆண், பெண், உயிருள்ளது, இல்லாதது என்ற பேதமெல்லாம் கிடையாது. அம்மா சிவப்பதற்கும் கொப்புளம் சிவப்பதற்கும் ஒரே சொல்தான்.

அம்மாவின் முகத்தைப் பார்த்து மகாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டாம் வகுப்பும் சுமா வீட்டு வாசலும் பாக்கியலக்ஷ்மியின் கண் முன்னால் வந்து நின்றன. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

“மிச்சத்தையும் வாசிங்க டீச்சர். சத்தமா வாசிங்க.”

ஜிஷா டீச்சர் வாசித்தாள். தமிழில் சொன்னால் அது இப்படி வரும்:

‘எனக்கு ஒரு குரு உண்டு. குரு எங்கள் வீட்டிலேயே உண்டு. காலையில் சிறிதாக இருக்கும். சாயங்காலம் சிவந்து பெரிதாகும். அப்பாவுக்குத் தொடப் பயம். ராத்திரி குருவுக்கு அப்பா தைலம் தடவிக் கொடுக்கும். குரு வெடித்தால் நானும் பூனையும் ஓடிவிடுவோம். சுமா ஆன்ட்டி வேறு குரு தருகிறேன் என்று சொன்னது. எனக்கு இந்தக் குரு போதும். கொஞ்சம் வலிக்கும், என்றாலும் இது போனால் நான் அழுவேன்.’

முதல் வரிக்குச் சிரித்தார்கள். தைலத்துக்குக் கைதட்டினார்கள். வெடித்ததற்கு ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், நிற்க முடியாமல். வேறு குரு தருகிறேன் என்று சொன்ன சுமாவின் பக்கம் எல்லாத் தலையும் திரும்பியது. ‘இது போனால் நான் அழுவேன்’ என்ற இடத்தில் மட்டும் சிரிப்பு கொஞ்சம் தடுமாறியது. எந்தக் குரு போனால் அழுமாம் இந்தப் பிள்ளை?

ஜிஷா டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள்.

“சேச்சி, வேற ஒரு தப்பும் இல்லை. கொம்பு, சுழி, புள்ளி, ஒண்ணும் விடலை. பத்து வரியும் தனியா எழுதிருக்கா. மகா மூணாம் கிளாஸ்லயே இருக்கட்டும்.”

பாக்கியலக்ஷ்மிக்கு மூச்சு திரும்பி வந்தது. மூச்சு வந்ததும் கூடவே வாயும் வந்துவிட்டது.

“ஒரே ஒரு எழுத்துதான டீச்சர். அதுக்குப் போயி இம்புட்டுச் சிரிப்பா? ஒரு க போதாதா? நாலு வச்சிருக்கது யாரு தப்பு?”

“ஒண்ணு மதி சேச்சி,” என்றாள் ஜிஷா டீச்சர், “ஆளை குரு ஆக்கறதுக்கு.”

ரமேஷ்பாபு வீடு வந்து சேரும்வரை முகத்தை அந்தப் பக்கமே திருப்பிக்கொண்டு நடந்தார். தோள் மட்டும் குலுங்கியது. சந்துமுனையில் அவள் நின்றாள்.

“சிரிச்சிருங்க. நெஞ்சுவலி வந்துரப் போகுது.”

அவர் சிரித்தார். மகா சிரித்தது. கடைசியில் அவளும் சிரித்துத் தொலைத்தாள். “ராத்திரி தைலம் தடவுததையெல்லாம் இவ எதுக்கு எழுதுதா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

இதோடு வீட்டு டீச்சர் திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? இனம் அப்படிப்பட்டதல்ல.

மறுநாள் காலையில் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும், பாக்கியலக்ஷ்மி கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் சுமா வீட்டு மதில் பக்கம் போய் நின்றாள். கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டாள். மழையைப் பற்றிப் பேசினாள். மத்தி விலையைப் பற்றிப் பேசினாள். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சேச்சி, இந்தக் கோவிந்தன்னு எழுதுவீங்கள்லா, அதுக்கு எந்த க? சும்மாதான் கேக்கேன்.”

சுமா நல்லவள். சிரிக்கவில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டு மதில் மேலே எழுதிக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. வெயிலில் அவை காய்வதற்குள் பாக்கியலக்ஷ்மி நாலையும் கண்ணால் விழுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாயங்காலம் வகுப்பு கூடியது. சிலேட்டில் பெரிதாக ஓர் எழுத்து.

“இது என்ன எழுத்து?”

மகா பார்த்தது. “க.”

“எந்த க?”

“எந்த கவா? நீதானம்மா க ஒண்ணுதான்னு…”

“கோவிந்தா க! கோவிந்தா க! நேத்துதான சொல்லிக் குடுத்தேன்? அதுக்குள்ள மறந்துபோச்சா? கவனம் எங்கட்டி இருக்கு ஒனக்கு?”

வாசல்படியில் ரமேஷ்பாபு வாயைத் திறந்தார். விரல் உயர்ந்தது. அவர் சட்டையைத் தேடி எழுந்தார்.

சரி, சிரித்து முடித்தாயிற்றா? பாவம் அந்தப் பாக்கியலக்ஷ்மி, நாம் அப்படியெல்லாம் இல்லை என்றுதானே சொல்லிக்கொள்கிறீர்கள்? நீங்கள் வகுப்பே எடுப்பதில்லை. பிள்ளை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எப்போதாவது ஒரு தடவை, “என்ன சத்தத்தையே காணோம்?” என்று கேட்பீர்கள், அவ்வளவுதான். ஸ்பெல்லிங் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள், தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுவீர்கள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. நல்லது. ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளைக்குச் சாயங்காலம் உங்கள் பிள்ளை பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு உங்களையே உற்றுப் பார்த்தால், பாசம் என்று எண்ணி நெளியாதீர்கள். உங்களுக்கு எந்த க போடுவது என்று யோசிக்கிறது.